நேரம் கிடைத்தால் செய்கிற வேலை இல்லை இது

கைவேலை செய்கிற எல்லாருக்கும் பழகிப்போன ஒரு கேள்வி இருக்கு: "இதெல்லாம் செய்ய உங்களுக்கு எங்கயிருந்து நேரம் வருது?" சிலர் உண்மையாகவே வியந்து கேட்பார்கள். சிலர் கேட்கும்போது "வேற வேலை இல்லைப் போல" என்ற மிச்சமும் சேர்ந்தே காதில் விழும். இரண்டு தரப்பும் நினைப்பது ஒன்றைத்தான். துணியில் வரைவது, நூல் பின்னுவது, சாயம் தோய்ப்பது எல்லாம் மற்ற வேலைகள் முடிந்தபிறகு மிஞ்சுகிற நேரத்துக்கு உரியவை என்று.

எங்கட வீடுகளில் மிஞ்சுகிற நேரம் என்று ஒன்று கிடையாது. இதை எழுதுகிற நாங்கள் நாலு பேர். ஒருத்தி சாறிச்சட்டைகளுக்கு ஆரி வேலை செய்கிறாள், ஒருத்தி குரோஷே பின்னுகிறாள், ஒருவன் பற்றிக் செய்கிறான், மற்றவள் சாறியிலும் ரீசேர்ட்டிலும் பெப்ரிக் பெயின்ற் கொண்டு வரைகிறாள். இதுக்கு வெளியில் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், ஒருத்திக்குக் கம்பஸில் கடைசி வருஷம், ஒருவன் கடையொன்றில் கணக்கு எழுதுகிறான், ஒருத்தி சுகமில்லாத அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கிறாள். மாதத்தில் ஒருமுறையாவது எங்களில் ஒருவரின் வேலை அரையில் நிற்கும். காய்ச்சல், சோதனை, செத்தவீடு, கரண்ட், காசு. காரணம் மாறும், நிற்பது மாறாது.

இதுக்குப் பொதுவாகக் கிடைக்கிற புத்திமதி, "பலன்ஸ் பண்ணப் பழகுங்கோ" என்பது. விடியப்புறம் ஐந்து மணிக்கு எழும்பு, போன் பார்க்கிறதைக் குறை, ஒரு நேரசூசி போட்டுச் சுவரில் ஒட்டு. இந்தப் புத்திமதிகளில் கெட்டது ஒன்றும் இல்லை. ஆனால் வேலை நின்றுபோனால் பிழை முழுக்க அந்த ஆளின் தலையில் விழுகிற மாதிரித்தான் அவை எப்போதும் சொல்லப்படுகின்றன. எங்கட கருத்து வேறு. எந்த வேலையை எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்து வைத்திருப்பது, உழைப்புக்கு ஒழுங்கான விலை போடுவது, தனிய இழுக்காமல் இன்னொருவரோடு பகிர்வது, இந்த மூன்றும் இருந்தால்தான் கைவேலை வாழ்க்கையின் அடிகளைத் தாங்கும். இவை இல்லாத இடத்தில் ஐந்து மணிக்கு எழும்பியும் பிரயோசனம் இல்லை.

எந்த வேலை எங்கே நிற்கும்?

கைவேலை என்று ஒரே பெயரில் சொன்னாலும், ஒவ்வொன்றும் இடைஞ்சலைத் தாங்குகிற விதம் வேறு.

குரோஷே பொறுமையானது. பஸ்ஸில் பின்னலாம், ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தும் பின்னலாம். அம்மா கூப்பிட்டால் கடைசி வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக இழுத்து, ஒரு ஊக்கைக் கொழுவிவிட்டு எழும்பலாம். மூன்று கிழமை கழித்து வந்தாலும் அது அப்படியே இருக்கும். எத்தனையாவது வரி, எந்த அளவு ஊசி என்று துண்டில் எழுதி வைத்திருந்தால் போதும்.

ஆரி அப்படி இல்லை. அது சங்கிலித் தையல். நூலின் நுனியை முடிந்து இறுக்காமல் எழும்பினால், ஒரு இழுவையில் ஒரு மணித்தியால வேலை உருவிக்கொண்டு வந்துவிடும். சட்டத்தில் இழுத்துக் கட்டின துணியை மாதக்கணக்கில் விட்டால் தளரும், தூசி பிடிக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் மணிகளை நிலத்தில்தான் பொறுக்க வேண்டிவரும்.

பற்றிக் இன்னும் கடுமை. சாயம் பிடிக்கக் கூடாத இடத்தை உருக்கின மெழுகால் மூடி, மெல்லிய நிறத்தில் தொடங்கிக் கடும் நிறம் வரை படிப்படியாகத் தோய்க்க வேணும். பரபின் மெழுகு லேசில் வெடிக்கும், தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். இரண்டையும் எவ்வளவு கலக்கிறோம் என்பதில்தான் துணியில் விழுகிற அந்த வெடிப்புக் கோடுகள் தங்கியிருக்கின்றன. சூடு குறைந்தால் மெழுகு துணிக்குள் இறங்காமல் மேலே தங்கும். கூடினால் பரவும், புகைக்கும், தீயும் பிடிக்கலாம். ரியாக்டிவ் சாயம் என்றால், சோடா சேர்த்த பிறகு சில மணித்தியாலத்துக்குள் அதன் வலு போய்விடும். மெழுகு அடுப்பில் இருக்கும்போது "கடைக்கு ஒருக்காப் போட்டு வா" என்றால் எழும்ப ஏலாது. ஆனால் ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையில் தாராளமாக நிற்கலாம். மெழுகு போட்ட துணி, மடிக்காமலும் வெயில் படாமலும் வைத்தால், நாட்கணக்கில் காத்திருக்கும்.

பெப்ரிக் பெயின்ற் பார்க்க லேசு. வரைந்து காயவிட்டால் முடிந்தது என்று கனபேர் நினைக்கினம். அனேகமான வகைகளை நன்றாகக் காயவிட்டு, மறுபக்கத்தால் சூடான அயன்பொக்ஸ் பிடித்தால்தான் நிறம் நிலைக்கும். கரண்ட் இல்லாத நாளில் அந்தக் கடைசிப் படி நிற்கும். அது தெரியாமல் ஓடரைக் கொடுத்தால் முதல் தோய்ச்சலிலேயே பூவின் நிறம் வெளிறத் தொடங்கும்.

இதைத் தெரிந்து வைத்திருப்பதால் என்ன பயன்? "ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்" என்ற பொதுவிதி இந்த நாலில் ஒன்றுக்குத்தான் பொருந்தும் என்று விளங்கும். குரோஷேக்கு ஒரு மணித்தியாலம் நல்ல நேரம். பற்றிக்குக் கிழமை முழுக்க ஒவ்வொரு மணித்தியாலம் கிடைப்பதைவிட, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணித்தியாலம் தொடர்ச்சியாகக் கிடைப்பது பெறுமதி. நாங்கள் இப்போது செய்வது இதுதான்: கையில் எப்போதும் இரண்டு வேலை. ஒன்று இடையில் விட ஏலாதது, அதுக்கு முன்கூட்டியே ஒரு நாளை ஒதுக்குகிறோம். மற்றது எங்கேயும் நிறுத்தக்கூடியது, அது பையோடு திரியும். நிறுத்துகிற நேரம், அடுத்து என்ன செய்யவேணும் என்று ஒரு துண்டில் எழுதித் துணியோடு குத்திவிடுகிறோம். திரும்பி வரும்போது "எங்க விட்டனாங்கள்" என்று தேடுவதில்தான் கனபேருக்கு மனம் விட்டுப்போகிறது.

2022 சொல்லித் தந்தது

ஒழுக்கம் இருந்தால் எல்லாம் சரிவரும் என்று சொல்லுகிறவர்கள் 2022 ஐ ஒருக்கா நினைத்துப் பார்க்க வேணும். அந்த வருஷம் மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மெழுகு உருக்க அடுப்பு இல்லை, அயன் பிடிக்கக் கரண்ட் இல்லை, மோட்டர் பூட்டின மெசினுக்குப் பழையபடி கால் மிதி தேவைப்பட்டது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. பருத்தி நூலும் சாயமும் ஆரி மணியும் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து வருகிற சாமான்கள். அதனால் ஓடர் எடுத்த அன்று பேசின விலை, சாமான் வாங்கப் போன அன்றைக்குக் காணாமல் போனது.

பிறகு கரண்ட் வந்தது, பில்லும் வந்தது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் திரும்பவும் 66 வீதமும் கூடினது. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் தைக்கிற ஒருத்திக்கு இது எப்படி விழுந்திருக்கும் என்று யோசியுங்கோ. அவளின் உழைக்கிற நேரமே லைற் எரிகிற நேரம்தான்.

அந்த நேரத்தில் விட்டுப்போனவர்கள் கனபேர். சிலர் இன்னும் திரும்பவில்லை. "ஆர்வம் இருந்தால் எப்படியும் செய்வினம்" என்று அவர்களைப் பற்றி லேசாகக் கதைக்கிறதை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆர்வத்தைக் கொண்டு மெழுகு உருக்க ஏலாது.

விலை என்கிற இடம்

அடி விழும்போது தாங்குவதற்குக் கையில் ஏதாவது இருக்கவேணும். அது இல்லாமல் போகிற முதல் இடம் விலை.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்பம். 2025 ஏப்ரலில் தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,080 ரூபாவாக இருந்தது. எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 135 ரூபா. 30 மணித்தியாலம் எடுக்கிற ஒரு குரோஷே சால்வைக்கு, இந்த ஆகக் குறைந்த கணக்கிலேயே கூலி மட்டும் 4,050 ரூபா. நூல் இதுக்குள் இல்லை, டிசைனை யோசித்த நேரம் இல்லை, பிரித்துப் பின்னின வரிகளும் இல்லை. இதைச் சொன்னால், "நூல்தானே பிள்ளை, இவ்வளவோ?" என்று கேட்பார்கள். கேட்கிறவர் பெரும்பாலும் தெரிந்த அன்ரியாகத்தான் இருப்பார். தெரிந்தவர் என்பதால் நாங்களும் குறைப்போம். அப்படிக் குறைத்துக் குறைத்து, கடைசியில் எங்கட மணித்தியாலத்துக்குச் சட்டம் சொல்கிற ஆகக் குறைந்த கூலிகூடக் கிடையாது.

இதைக் காசாசை என்று பார்க்க வேண்டாம். சாமான் காசை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிற வேலை, முதல் காய்ச்சலோடு நின்றுவிடும். எங்களில் ஒருத்திக்குக் கலியாண வீட்டு ஓடர் ஒன்று வந்தது, ஆறு சாறிச்சட்டைகள். நாலு முடிந்த நேரம் அம்மாவை ஆஸ்பத்திரியில் விடவேண்டி வந்தது. மிச்சம் இரண்டும் பிந்தும் என்று சொன்னதுக்கு, முடிந்த நாலுக்கும் சேர்த்து ஒரு சதமும் தரவில்லை. முற்பணம் வாங்கவில்லை, எழுத்தில் ஒன்றும் இல்லை. தெரிந்த ஆக்களிடம் காசு முதல் கேட்கக் கூடாது என்பது எங்கட ஊர் மரியாதை. அந்த மரியாதையின் செலவு முழுக்க ஒரு பக்கத்தில்தான் விழுகிறது.

ஆகவே ஓடர் எடுக்கும்போதே அரைவாசிக் காசு, முடிகிற திகதியில் பத்து நாள் கூடுதல், பிந்தினால் என்ன செய்வது என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி. வாங்குகிறவர்களுக்கும் இது நல்லது. அவசரத்தில் இரவு இரண்டு மணிக்குத் தைத்த மணி, மேடையில் வைத்துத்தான் கொட்டும்.

தனிய இழுக்காதீர்கள்

அம்பாறை மாவட்டத்தின் மருதமுனையை எங்கட நாட்டில் கைத்தறிக்குத் தெரியாதவர்கள் குறைவு. 2004 சுனாமி அந்தக் கரையைக் கடுமையாக அடித்தது. அதுக்குப் பிறகும் அங்கே நெசவு தொடர்கிறது. கைத்தறியில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், அது ஒரு ஆளின் வேலையே இல்லை. ஒருவர் நூலுக்குச் சாயம் போடுவார், ஒருவர் தார் சுற்றுவார், ஒருவர் பாவு ஓடுவார், ஒருவர் தறியில் இருப்பார். வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லாமல் போனால் அவரின் பங்கு பிந்தும், மற்றவர்கள் ஏதோ ஒரு விதத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள். அடி விழாத தொழில் இது என்று சொல்ல வரவில்லை. அடியைப் பல தோள்களில் பிரிக்கத் தெரிந்த தொழில்.

பற்றிக்கிலும் இப்படி ஒரு கதை இருக்கு. இலங்கையில் பற்றிக்குக்குப் புது உயிர் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஈனா டி சில்வா. 1960களில் வீட்டில் தொடங்கின வேலை அது. மகன் அனில் டிசைன்கள் வரைந்தார். ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் கூரைக்குப் போன பற்றிக் துணிகள் அவருடையவை. பிற்காலத்தில் மாத்தளை அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து பற்றிக், தையல் வேலைகளுக்கு ஒரு நிலையத்தை நடத்தினார். பெயர் ஒருவருடையதாக வெளியில் தெரிந்தாலும், துணியில் இருந்தது பலரின் கை.

எங்கட தலைமுறையில் இது தலைகீழாகப் போய்விட்டது. இன்ஸ்டகிராமில் ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு லோகோ. டிசைன் போடுவதும், சாமான் வாங்குவதும், செய்வதும், படம் எடுப்பதும், பார்சல் கட்டுவதும், பதில் எழுதுவதும் ஒரே ஆள். அந்த ஆளுக்கு டெங்கு வந்தால் கடை பூட்டு. நாலு பக்கத்தை ஒன்றாக்கச் சொல்லவில்லை. ஆனால் நூலைச் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம், ஒருவர் விழுந்தால் இன்னொருவர் பதிலாவது எழுதலாம், முடிக்க ஏலாத ஓடரைக் கூலியோடு கைமாற்றலாம். "அவள் என்ர டிசைனைப் பார்த்துச் செய்துபோடுவாள்" என்ற பயம் எங்களுக்கும் விளங்கும். அந்தப் பயத்தைப் பேசித் தீர்ப்பது, தனிய விழுந்து கிடப்பதைவிட லேசு.

வாழ்வாதாரமும் டிசைனும்

இன்னொன்றையும் சொல்ல வேணும். கொழும்பில் ஒருவர் துணியில் வேலை செய்தால் அவர் டிசைனர். வன்னியில் ஒரு அக்கா அதே வேலையைச் செய்தால் அது வாழ்வாதாரம். 2009 க்குப் பிறகு வடக்குக் கிழக்கில் பெண் தலைமைக் குடும்பங்களுக்கு எத்தனையோ தையல் மெசின்கள் கொடுக்கப்பட்டன. கொடுக்கும்போது படம் எடுக்கப்பட்டது. ஒரே கிராமத்தில் பலருக்கும் ஒரே மெசின், ஒரே மாதிரிப் பயிற்சி, ஒரே உடுப்பு. ஊருக்குள்ளேயே ஒருவருக்கொருவர் போட்டி. மெசின் பழுதானால் திருத்த ஆள் இல்லை, துணி வாங்கக் கைக்காசு இல்லை. அந்த மெசின்கள் சும்மா கிடந்தால் "குடுத்தும் செய்யேல்லை" என்று பழி அந்த அக்காமேல்.

மெசினோடு சேர்த்துக் கொடுக்காமல் விட்டது டிசைன் அறிவு. நிறம் எப்படிப் பொருந்தும், எந்தத் துணி எப்படி விழும், ஆர் வாங்குவினம், என்ன விலை சொல்லலாம் என்பது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பாஷன் டிசைன் பட்டப்படிப்பு இருக்கு, திறன்காண் பரீட்சை எழுதிப் போகலாம். அது இருக்கிறதே தெரியாமல் உயர்தரம் முடிக்கிற பிள்ளைகள் எங்கட பக்கம் எத்தனை பேர்? சாதாரண தரத்தில் கலையும் கைப்பணியும் என்று ஒரு பாடம் இருந்தும், அதை எடுக்கப் போனால் "கெட்டிக்காரப் பிள்ளை, உனக்கேன் இது" என்று கேட்கிறவர்களும் நாங்கள்தானே.

ஊசியும் நூலும் பெரிய விஷயம் பேசும் என்பதுக்குச் சாட்சி தூரத்தில் தேட வேண்டியதில்லை. கண்டியில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்த ஹேமா ஷிரோனி, துணியிலும் நூல்வேலையிலும் வீட்டையும் இடப்பெயர்வையும் பேசுகிற ஓவியர். அம்மம்மாமார் தலையணை உறையில் செய்த அதே பூத்தையலின் வழிவந்த வேலைதான் அது.

மனம் ஆறுமா?

"கைவேலை செய், மனம் லேசாகும்" என்று இப்போது எல்லா இடத்திலும் சொல்லுகினம். பாதி உண்மை. எண்ணி எண்ணிப் பின்னும்போது மூச்சு ஒழுங்குக்கு வருவது எங்களுக்குத் தெரியும். அதே பின்னல், நாளைக்குக் கொடுக்க வேண்டிய ஓடராக இருந்தால் நெஞ்சு படபடக்கிறதும் தெரியும். செத்தவீடு முடிந்து ஒரு மாதம் ஊசியைத் தொட மனமே வராமல் இருந்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறோம். அப்போது "செய், ஆறுதலா இருக்கும்" என்று ஊசியைக் கையில் திணிப்பதும் ஒரு வன்முறைதான். நிறுத்துகிற உரிமையும் கைவேலையின் பகுதி. உத்தியோகத்துக்கு லீவு இருக்கு. இதுக்கும் இருக்கட்டும்.

வீட்டிலும் ஒரு மாற்றம் தேவை. அண்ணா ஒன்லைன் மீற்றிங்கில் இருந்தால் குசினியில் மிக்ஸி போடமாட்டார்கள். தங்கச்சி மெழுகு உருக்கிக்கொண்டிருந்தால் நடுவில் தேத்தண்ணி கேட்பார்கள். இரண்டும் வேலை என்று அம்மாவும் அப்பாவும் ஒத்துக்கொள்ள நாளெடுக்கும். அதுவரை அண்ணாமார் தங்கட தேத்தண்ணியைத் தாங்களே போடலாம்.

இதை வாசிக்கிற உங்களில் கனபேரின் அலுமாரிக்குள் அரையில் நின்ற ஏதோ ஒன்று இருக்கும். 2022 இல் நின்றதோ, சோதனைக்காக நின்றதோ, ஆரோ ஒருவர் சொன்ன சொல்லால் நின்றதோ. இந்தக் கிழமை அதை வெளியில் எடுத்துப் பாருங்கோ. எங்கே நின்றது, அடுத்த படி என்ன, எவ்வளவு நேரம் தேவை என்று ஒரு துண்டில் எழுதி அதிலேயே குத்துங்கோ. உங்களால் இப்போதைக்கு ஏலாது என்றால் ஏலும் என்கிற ஒரு சிநேகிதியிடம் கொடுங்கோ, கூலியைப் பேசிக் கொடுங்கோ. அதுவும் வேண்டாம் என்றால் மடித்துத் திரும்ப வையுங்கோ, குற்ற உணர்ச்சி இல்லாமல். துண்டு அதிலேயே இருக்கட்டும்.